ஃபவுண்டன்ஸ் மடாலயத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

லீட்ஸ் நகரில் உறவினர் வீட்டுக்கு வரும் ஒருவர், தமக்கு ஒரே ஒரு பகல்தான் ஓய்வாகக் கிடைக்கும் என்றும், யார்க்‌ஷயரில் இடைக்காலக் கிறித்தவ மடாலயங்களின் இடிபாடுகள் பல இருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார். கூரையில்லாத சுவர்களைப் பார்க்க அவ்வளவு தூரம் போவது பயனுள்ளதா, போனால் எங்கே போவது, எதைப் பார்ப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

கட்டாயம் போக வேண்டும் என்பதே என் பதில். ஒரே இடம் என்றால் அது ரிப்பன் நகருக்கு அருகிலுள்ள ஃபவுண்டன்ஸ் மடாலயம். அழகை மட்டும் கணக்கில் எடுத்தால், இதே வட்டாரத்தின் இன்னொரு மடாலயமான ரீவோவின் பாடகர் பகுதி, அதாவது துறவிகள் நின்று பாடிய தேவாலயப் பகுதி, இதைவிட ஒரு படி மேல் என்று சொல்வோர் உண்டு. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால், ஒரு மடாலயம் எப்படி இயங்கியது, அங்கே யார் உழைத்தார்கள், யார் பாடினார்கள், உணவு எங்கே சமைக்கப்பட்டு எந்த வழியாகப் பந்திக்குப் போனது, கழிவுநீர் எங்கே ஓடியது என்பதையெல்லாம் கல்லைப் பார்த்தே புரிந்துகொள்ளும் அளவுக்கு முழுமையாக நிற்கும் இடம் இங்கிலாந்தில் இதைப் போல் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால், தொடங்கும் இடம் முக்கியம். நான் முதன்முறை சென்றது ஒரு சுற்றுலாப் பேருந்தில். நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். எல்லோரையும் போல நானும் நேரே உயரமான கோபுரத்தை நோக்கி நடந்து, தேவாலயத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து, ஒரு நவம்பர் மாதக் காலையில், கூட்டமில்லாத நேரத்தில் மேற்கு வாசல் பக்கமாகச் சென்றபோதுதான் அங்கே ஒரே கூரையின் கீழ் இரண்டு வகை மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதும், அவர்களுள் ஒரு பாதியை நான் முன்பு பார்க்கவே இல்லை என்பதும் தெரிந்தது. இந்தப் பதிலை விரிவாக எழுதுவதற்குக் காரணம் அந்த விடுபட்ட பாதிதான்.

முதலில் தோற்றக்கதை. 1132-ஆம் ஆண்டு யார்க் நகரின் புனித மரியாள் மடத்தில், அங்கு வாழ்க்கை மிகவும் சொகுசாகிவிட்டது, புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கு கைவிடப்பட்டுவிட்டது என்று ஒரு சிறு குழு முறையிட்டது. பிணக்கு முற்றியதும் பேராயர் தர்ஸ்டன் அவர்களைத் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு, அவ்வாண்டின் டிசம்பர் மாத இறுதியில், ஸ்கெல் என்னும் சிற்றாற்றின் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் நிலம் கொடுத்தார். பதின்மூன்று துறவிகள், நடுக் குளிர்காலம், தலைக்கு மேல் கூரையில்லை. ஒரு பெரிய எல்ம் மரத்தடியில் வைக்கோல் வேய்ந்து தங்கினார்கள் என்று மடத்தின் சொந்த வரலாறு கூறுகிறது. அந்த வரலாற்றை 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னவர் செர்லோ என்ற, நூறு வயதை நெருங்கிய ஒரு முதிய துறவி. சொல்லக் கேட்டு எழுதியவர் கெர்க்ஸ்டால் மடத்தைச் சேர்ந்த ஹியூ. பஞ்சம் வந்த ஓராண்டில் இலைகளைக் கொதிக்க வைத்து உண்டதையும், வாசலில் பிச்சை கேட்டு நின்றவருக்கு இருந்த சில அப்பங்களுள் ஒன்றைத் தலைவர் கொடுக்கச் சொன்னதையும், சற்று நேரத்தில் நேர்ஸ்பரோ கோட்டையிலிருந்து ஒரு வண்டி நிறைய அப்பம் வந்து சேர்ந்ததையும் செர்லோ சொல்லியிருக்கிறார். பள்ளத்தாக்கில் ஊறும் நீரூற்றுகளே மடத்துக்கு ‘ஊற்றுகள்’ என்று பொருள்படும் பெயரைத் தந்தன.

அடுத்த ஆண்டே அவர்கள் பிரான்சில் கிளர்வோ மடத்தின் தலைவராக இருந்த புனித பெர்னார்டுக்கு எழுதி, சிஸ்டெர்சியன் சபையில் சேர்ந்தார்கள். சாயமிடாத கம்பளி அங்கி அணிந்ததால் ‘வெள்ளைத் துறவிகள்’ என்று அழைக்கப்பட்ட சபை அது. ஊரை விட்டு விலகி வாழ்வது, ஓவியமும் ஆடம்பரமும் இல்லாமல் வழிபடுவது, வாடகையையும் காணிக்கையையும் நம்பாமல் சொந்த உழைப்பில் உண்பது என்பவை அதன் கொள்கைகள். கொள்கை சரி. ஆனால் இரவு நடுச்சாமத்தில் எழுந்து தொடங்கி நாளொன்றுக்கு எட்டு முறை தேவாலயத்தில் கூடிப் பாட வேண்டிய ஒருவர், இருபது மைல் தொலைவில் உள்ள ஆட்டுப் பட்டியை எப்படிக் கவனிப்பார்? இந்தச் சிக்கலுக்கு அச்சபை கண்ட விடைதான் பொதுநிலைச் சகோதரர்கள்.

அவர்களும் துறவு வாக்குறுதி கொடுத்தவர்களே. ஆனால் படிப்பறிவற்றவர்கள்; அப்படியே இருக்க வேண்டும் என்பதும் விதி. புத்தகம் வைத்துக்கொள்ளக் கூடாது. கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப் பிரமாணம், ஒரு திருப்பாடல் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றை வாய்மொழியாக மனப்பாடம் செய்தால் போதும். மற்ற நேரமெல்லாம் கல் உடைத்தல், தோல் பதனிடுதல், மாவரைத்தல், உழவு, ஆடு மேய்த்தல். மேற்கே மலைப்பகுதியில் கில்ன்சி என்ற ஊரில் மடத்தின் ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்தார்கள். அங்கிருந்து மாலம் பகுதிக்குச் செல்லும் மாஸ்டைல்ஸ் பாதையில் இன்றும் நடக்கலாம். ஃபவுண்டன்ஸ் ஃபெல் என்ற மலை இன்றும் மடத்தின் பெயரைச் சுமந்து நிற்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் பெகோலோட்டி என்ற ஃபுளோரன்ஸ் வணிகர் இங்கிலாந்து மடங்களின் கம்பளிக் கொள்முதலைப் பட்டியலிட்டபோது, ஃபவுண்டன்ஸ் பெயருக்கு எதிரே ஆண்டுக்கு 76 மூட்டை என்று குறித்தார். நாம் இன்று வியக்கும் கட்டடத்துக்கான செல்வத்தின் பெரும்பகுதி அந்த மூட்டைகளிலிருந்து வந்தது.

ஆகவே நீங்கள் மேற்கு வாசல் வழியாக உள்ளே சென்று, தேவாலயத்தை இடப்புறம் விட்டுவிட்டு, முதலில் மேற்கு வரிசைக் கட்டடத்துக்குள் நுழையுங்கள். இதன் தரைத்தளத்தை இன்று ‘செல்லேரியம்’, அதாவது சரக்குக் கிடங்கு என்கிறார்கள். ஏறத்தாழ 90 மீட்டர் நீளம். நடுவில் ஒரே வரிசையாகக் கல்தூண்கள். தூண்களுக்குத் தலைப்பகுதி என்று தனியாக எதுவும் இல்லாமல், மரத்தண்டிலிருந்து கிளை பிரிவது போலத் தூணிலிருந்தே விலா எலும்புகளாய்க் கல்வரிகள் புறப்பட்டு, மேலே கவிந்து, மறுபக்கச் சுவரில் இறங்குகின்றன. மடத்தில் மேற்கூரை தப்பிய பெரிய பகுதி இதுதான். உள்ளே எப்போதும் குளிர், தரை ஈரம், கவிகையின் இடுக்குகளில் வௌவால்கள். ஒரு முனையில் நின்று பார்த்தால், தூணுக்குத் தூண் பிரிந்த 22 கட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கிக்கொண்டே போகும் அந்தக் காட்சிதான் எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கிறது.

ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் ஒருநாளும் அந்தக் காட்சியைப் பார்த்ததில்லை. அக்காலத்தில் அது குறுக்குச் சுவர்களால் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. வடக்குப் பகுதியில் சரக்கறைகள், இடையில் வெளியாரோடு பேசுவதற்கான அறை, தெற்குப் பகுதியில் சகோதரர்களின் உணவுக்கூடம். மேல்மாடி முழுவதும் அவர்களுடைய படுக்கைக்கூடம். தடுப்புகள் பின்னாளில் அகன்றதால்தான் நமக்கு இந்த நீளம் கிடைத்தது. தெற்கு முனையில் நின்று சற்றுக் கவனித்தால், நூற்றுக்கணக்கானோர் வரிசையாக அமர்ந்து பேச்சின்றி உண்டு எழுந்த இடம் அது என்பது உறைக்கும். நான் அந்த முனையில்தான் அதிக நேரம் நிற்பேன்.

கட்டடத்தின் தென்கோடி ஆற்றின் மேலேயே கட்டப்பட்டிருக்கிறது. ஸ்கெல் ஆறு வளைவுகளுக்கு அடியில் நுழைந்து வெளிவருகிறது. சகோதரர்களின் கழிப்பிடம் இந்த ஓடும் நீருக்கு மேலே அமைந்திருந்தது. அதே நீர் சமையலறைக் கழிவையும் அள்ளிக்கொண்டு போனது. கிழக்கே நோயாளிகளின் கூடம் ஆற்றை மூடிய சுரங்கக் கவிகைகளின் மீதே எழுப்பப்பட்டது. நல்ல நீர் மலைச்சரிவின் ஊற்றுகளிலிருந்து வந்தது. பள்ளத்தாக்கின் பக்கவாட்டுப் பாறையையே வெட்டிக் கட்டுமானக் கல் எடுத்தார்கள். வடக்குப் பக்கம் அந்த வெட்டுமுகம் இன்னும் தெரியும். ஒதுங்கி வாழ வந்த இடத்திலேயே வீடு கட்டக் கல்லும் மரமும், குடிக்கவும் கழுவவும் நீரும் கிடைத்தன.

அடுத்து உள்முற்றம். நான்கு பக்கமும் தாழ்வாரம் ஓடிய சதுரம். தாழ்வாரக் கூரை இப்போது இல்லை. இது துறவிகளின் உலகம். தெற்குப் பக்கச் சுவரில், உணவுக்கூடத்தின் வாசலுக்கு இருபுறமும் நீண்ட கல்தொட்டிகள் இருந்த இடத்தைப் பாருங்கள். உண்ணும் முன் கைகழுவிய இடம். வாசலைத் தாண்டினால் துறவிகளின் உணவுக்கூடம். உண்ணும்போது ஒருவர் மேலிருந்து வாசிக்க, சுவருக்குள்ளேயே படிகள் வைத்த வாசிப்பு மாடம் மேற்குச் சுவரில் இருக்கிறது. உணவுக்கூடத்துக்கும் மேற்கு வரிசைக்கும் நடுவில் அடுக்களை. எனக்கு இந்த மடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரே அடுக்களை, கிழக்குப் பக்கம் துறவிகளின் பந்தி, மேற்குப் பக்கம் சகோதரர்களின் பந்தி. ஒரே நெருப்பில் வெந்த உணவு இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஒருவரையொருவர் பார்க்காமலே உண்டவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒன்றாகவும் தனித்தனியாகவும் வாழ்ந்த வாழ்க்கை அந்த ஓர் அறையின் இருப்பிடத்திலேயே வரைந்து வைத்தாற்போல் தெரிகிறது.

உணவுக்கூடத்துக்குக் கிழக்கே கணப்பறை. அடுக்களையையும் நோயாளிக் கூடத்தையும் விட்டால், துறவிகள் நெருப்பின் அருகே நிற்கக்கூடிய இடம் இதுவே. இரண்டு பெரும் கணப்புகளில் ஒன்று திறந்த நிலையில் இருக்கிறது. குனியாமல் உள்ளே சென்று நிற்கலாம். அதன் மேல்விளிம்பு ஒரே கல்லால் ஆனதன்று. பல கற்களைப் பல்லும் பள்ளமுமாகச் செதுக்கி, ஒன்றோடொன்று கோத்து, வளைவே இல்லாமல் தட்டையாக நிறுத்தியிருக்கிறார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அது இறங்கவில்லை. மழை நாளில் அந்தப் புகைக்கூண்டின் அடியில் நின்று மேலே பார்த்தால் ஒரு சிறு வெளிச்சக் கட்டம் தெரியும். உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு, குளிரையே விரதமாக ஏற்றவர்களுக்கு இந்த அறை என்னவாக இருந்திருக்கும் என்பது அப்போது விளங்கியது.

கிழக்கு வரிசையில் அவைக்கூடம். தினமும் காலையில் ஒழுங்குமுறையின் ஓர் அதிகாரத்தை வாசித்துக் குற்றம் குறைகளை அறிக்கையிட்ட இடம். மடத்தலைவர்கள் சிலர் இதன் தரையில்தான் புதைக்கப்பட்டார்கள். மேல்மாடியில் துறவிகளின் படுக்கைக்கூடம். நடுச்சாம வழிபாட்டுக்கு அங்கிருந்து படியிறங்கி நேரே தேவாலயத்துக்குள் வந்துவிடலாம்.

இப்போது, இத்தனையும் பார்த்த பிறகு, தேவாலயத்துக்குள் போங்கள். நடுக்கூடத்தின் இருபுறமும் பருத்த உருளைத் தூண்கள், 11 வளைவுகள். கீழே கூர்முனை வளைவு, மேலே சாளரங்களில் அரைவட்ட வளைவு. புதிய பாணி பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்தில் கட்டியது என்பதற்கு அதுவே சாட்சி. சிற்பமோ உருவமோ கிடையாது. இதுவும் இன்று ஒரே வெளியாகத் தெரிகிறது. அன்று குறுக்கே தடுப்புச் சுவர்கள் இருந்தன. மேற்குப் பாதி சகோதரர்களுக்கு, கிழக்குப் பாதி துறவிகளுக்கு. பலிபீடத்தின் பக்கமிருந்து வந்த லத்தீன் பாட்டைத் தடுப்புக்கு இப்பால் நின்று கேட்டவர்கள், பொருள் தெரியாத அந்தப் பாட்டுக்காகவே தம் வாழ்நாளை உழைப்பாகக் கொடுத்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் மனவருத்தம் தரும் செய்தி.

கிழக்குக் கோடியில் ஒன்பது பலிபீடங்களின் ஆலயம் நிற்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியது. இதே அமைப்பு டரம் பேராலயத்தில் மட்டும்தான் இன்னொன்று உண்டு. மெலிந்து உயர்ந்த தூண்களும் நெடிய சாளரங்களுமாக, எளிமை என்ற பழைய கொள்கை இங்கே சற்றுத் தளர்ந்துவிட்டதைக் காணலாம். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் டார்ன்டன் தலைவராக இருந்தபோது சுவர்கள் விரிசல் விட்டன. பழுது பார்த்தவர்கள் ஒரு சாளர வளைவின் உச்சியில் பிளந்த இடத்தை மூட ஒரு கல்லைப் பொருத்தி, அதன் ஒரு பக்கம் தேவதூதரையும், மறுபக்கம் வாயிலிருந்து இலைகள் தழைக்கும் ஒரு மனித முகத்தையும் செதுக்கினார்கள். தொலைநோக்கி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். வெறுங்கண்ணுக்கு அது சிறிய புடைப்பாகத்தான் தெரியும்.

வடக்குப் பக்கம் ஏறத்தாழ 50 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தைக் கட்டியவர் 1495 முதல் 1526 வரை தலைவராக இருந்த மார்மடியூக் ஹியூபி. கல்லால் மணிக்கோபுரம் எழுப்பக் கூடாது என்று தொடக்ககாலச் சபைச் சட்டம் தடுத்திருந்தது. கோபுரத்தைச் சுற்றி ‘கடவுள் ஒருவருக்கே மாட்சியும் மகிமையும்’ என்ற பொருளில் லத்தீன் வாசகங்கள் ஓடுகின்றன. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மிக அழகான கோபுரம். ஆனால் அது எழும்பிய காலத்தில் சகோதரர்கள் வாழ்ந்த மேற்கு வரிசை ஏறக்குறைய ஆளரவம் அற்றுப்போயிருந்தது. 1314-க்குப் பிந்தைய ஸ்காட்லாந்துப் படைகளின் சூறையாடல், 1348-49-இல் வந்த கொள்ளைநோய், முன்பணம் வாங்கிய கம்பளி ஒப்பந்தங்களின் கடன் எல்லாம் சேர்ந்து அந்த வாழ்க்கைமுறையை முடித்துவைத்தன. நிலங்கள் குத்தகைக்கு விடப்பட்டு, மடம் வாடகையில் வாழத் தொடங்கியது. கோபுரத்தை முதலில் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்: அது கதையின் கடைசிப் பக்கம்.

எட்டாம் ஹென்றி மன்னர் நாட்டின் மடங்களை மூடி அவற்றின் சொத்தை எடுத்துக்கொண்டபோது, 1539 நவம்பர் 26 அன்று தலைவர் மார்மடியூக் பிராட்லியும் சுமார் முப்பது துறவிகளும் மடத்தை ஒப்படைத்தார்கள். அவருக்கு முன் தலைவராக இருந்த வில்லியம் தர்ஸ்க் அதை எதிர்த்து எழுந்த வடபகுதிக் கிளர்ச்சியில் பங்கேற்றதற்காக 1537-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டிருந்தார். இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். இந்த இடிபாடு காலத்தின் வேலையன்று. மனிதர்கள் திட்டமிட்டுக் கழற்றியது. கூரையின் ஈயம்தான் அரசுக்கு வேண்டியிருந்தது. ஈயத் தகட்டை உரித்து உருக்கிப் பாளமாக வார்த்து எடுத்துப்போனார்கள். மழை இறங்கியதும் மீதியைக் கவனித்துக்கொண்டது. ரீவோவில் அப்படி வார்த்த பாளங்கள் சில, சரிந்த கற்குவியலில் புதைந்து மறக்கப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டில் அகழ்ந்தபோது கிடைத்தன; யார்க் பேராலயத்தின் ‘ஐந்து சகோதரிகள்’ சாளரத்தைப் பழுது பார்க்க அந்த ஈயம் பயன்பட்டது. ஃபவுண்டன்ஸில் மேற்கு வாசலருகே நிற்கும் மாளிகையைப் பாருங்கள்: ஸ்டீபன் பிராக்டர் என்பவர் 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டி முடித்தது; கற்களில் ஒரு பகுதி மடத்திலிருந்து எடுத்தவை.

பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஸ்டட்லி ராயல் நீர்த்தோட்டம், 1720-இன் தென்கடல் நிறுவனப் பங்கு ஊழலில் பதவியிழந்த நிதியமைச்சர் ஜான் ஐஸ்லபி அமைத்தது. அவர் மகன் வில்லியம் 1767-இல் மடத்தையும் வாங்கித் தம் தோட்டத்தின் கடைசிக் காட்சியாக்கினார். அவர் கற்குவியல்களை அகற்றிப் புல்வெளி பரப்பியதை, இயற்கைக் காட்சிகளைப் பற்றி எழுதிய வில்லியம் கில்பின் அக்காலத்திலேயே கண்டித்தார். கில்பின் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்: அந்தச் சீரான பச்சை, அங்கே சேறும் தோல்நாற்றமும் சம்மட்டி ஓசையும் இருந்ததை மறைத்துவிடுகிறது. ஆனால் சுவர்கள் மேலும் கொள்ளை போகாமல் நின்றதும் அந்தக் குடும்பத்தால்தான். 1986 முதல் இது உலகப் பாரம்பரியச் சின்னம். உரிமை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பிடம் இருக்கிறது.

போகும் வழி எளிது. ரிப்பனில் ரயில் நிலையம் இல்லை. லீட்ஸிலிருந்து ஹாரோகேட் வழியாக ரிப்பன் செல்லும் 36 எண் பேருந்தில் ஏறுங்கள். ரிப்பனிலிருந்து மடம் சுமார் ஐந்து கிலோமீட்டர். வாடகைக் காரிலும் போகலாம், கால் வலுவுள்ளவர்கள் மான்கள் மேயும் பூங்கா வழியாக நடந்தும் போகலாம். குறைந்தது நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். புல் எப்போதும் நனைந்திருக்கும்; நீர் புகாத காலணி அவசியம். வழியில் மடத்தின் மாவு அரைக்கும் ஆலையைத் தவறவிடாதீர்கள்: 12-ஆம் நூற்றாண்டில் சகோதரர்கள் நடத்திய அது 1927 வரை ஓடியது.

திரும்பும்போது வந்த வழியே வராமல், ஆற்றங்கரையோடு கிழக்கே நடந்து நீர்த்தோட்டத்தைக் கடந்து செல்லுங்கள். மான் பூங்காவின் மேட்டில் வில்லியம் பர்ஜஸ் வடிவமைத்த புனித மரியாள் ஆலயம் இருக்கிறது. திறந்திருந்தால் உள்ளே பளிங்குக் கல்லறை ஒன்றைக் காண்பீர்கள். இந்தப் பண்ணை முழுவதற்கும் ஒருகாலத்தில் உரிமையாளராக இருந்த ரிப்பன் பிரபுவும் அவர் மனைவியும் அதில் துயில்கிறார்கள். 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்து உள்ளாட்சி மன்றங்களுக்கு வழிவகுத்தவர். சென்னை மாநகராட்சியின் வெள்ளை மாளிகைக்கு இருக்கும் பெயர் அவருடையதுதான். அங்கிருந்து ஸ்டட்லி ரோஜர் கிராமம் வழியாக ரிப்பன் பேருந்து நிலையத்துக்கு ஒரு மணி நேர நடை.